வாத்திய வாசிப்பை விட்டவர்கள் புது வருஷத்தில் மறுபடி எப்படித் தொடங்கினீர்கள்? கடலூர், புதுச்சேரி நண்பர்களுக்கு ஒரு கேள்வி

மஞ்சக்குப்பம் வயலின் · டிசம்பர் 27, இரவு 9:50

எல்லோருக்கும் வணக்கம். ஆறாம் வகுப்பிலிருந்து கல்லூரி முடியும்வரை வயலின் கற்றுக்கொண்டவள் நான். வர்ணமெல்லாம் முடித்து, கிருதிகளும் ஓரளவு பாடம் ஆகியிருந்தன. அப்புறம் வங்கி வேலை, இடமாற்றம், கல்யாணம், குழந்தை. இப்போது கடலூருக்கே திரும்பி வந்தாயிற்று. வயலின் அலமாரி மேல் இருக்கிறது.

மார்கழி வந்தாலே மனசு கிளம்பிவிடும். விடியற்காலையில் பாடலீஸ்வரர் கோயில் பக்கம் போனால் திருவெம்பாவை காதில் விழும். சென்னையில் சீசன் நடக்கிறது என்று பத்திரிகையில் கச்சேரிப் படங்கள் வரும். ஜனவரி ஒன்றாம் தேதி எடுத்துவிட வேண்டும் என்று தீர்மானம் பண்ணுவேன். எடுப்பதும் உண்டு. பொங்கல் கழிந்ததும் வயலின் மறுபடி பெட்டிக்குள் போய்விடும்.

நேரமில்லை என்று சொல்ல மாட்டேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எவ்வளவோ நேரம் போனில் போகிறது. பிரச்சினை வேறு. இத்தனை வருஷமும் சங்கீதம் கேட்பதை நான் விடவே இல்லை. அதனால் காது வளர்ந்துகொண்டே போனது, கை பின்னால் போய்விட்டது. தோடி ராகத்தில் காந்தார ஸ்வரம் எப்படி அசைய வேண்டும் என்று மனசுக்கு நன்றாகத் தெரிகிறது. விரலில் வருவது வேறு. அதைக் கேட்டதும் வில்லைக் கீழே வைத்துவிடத் தோன்றுகிறது.

விட்டுத் திரும்பி வந்தவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள். தினமும் வாசிக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். தினமும் எடுக்க வைப்பது எது என்பதுதான் என் கேள்வி.

கடலூர் ஓ.டி. வாத்தியார் · டிசம்பர் 28, காலை 6:15

அம்மா, கடைசியாக எப்போது தந்தி மாற்றினீர்கள்? கையைக் குறை சொல்லும் முன் வாத்தியத்தைப் பாருங்கள். நம் ஊர்க் கடற்காற்றும் ஐப்பசி கார்த்திகை மழையும் சேர்ந்தால், பெட்டிக்குள் பூட்டி வைத்த வயலினைக்கூட விடாது. தந்தியை நகத்தால் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று இருந்தால் துரு ஏறிவிட்டது என்று அர்த்தம். துருப்பிடித்த தந்தியில் விரல் வழுக்காது, தடுக்கும். விரல் தடுக்கினால் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது, எங்கிருந்து வரும்? உங்கள் காந்தாரம் சரியாக அசையாததற்குப் பாதிக் காரணம் அங்கேயே இருக்கலாம்.

தந்தியை முறுக்கும் பிருடையைத் திருகிப் பாருங்கள். மழைக்காலத்தில் மரம் ஊறி இறுகிக்கொள்ளும், வெயில் வந்ததும் காய்ந்து நழுவும். நழுவினால் சாக்கட்டித் தூள், இறுகினால் கொஞ்சம் காய்ந்த சோப்பு. பழைய வைத்தியம்தான், இன்றைக்கும் பலிக்கிறது. தந்திகளைத் தாங்கும் குதிரை நேராக நிற்கிறதா என்றும் பாருங்கள். சுருதி சேர்க்கச் சேர்க்க அது விரல்பலகைப் பக்கம் சாயும், கவனிக்காமல் விட்டால் ஒரு நாள் விழுந்துவிடும். வில்முடியில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருந்தால் எவ்வளவு ரோசின் பிசின் தேய்த்தாலும் தந்தியைப் பிடிக்காது, முடி மாற்றித்தான் ஆக வேண்டும். கடைசியாக, வயலினின் விளிம்பை விரல் கணுவால் மெதுவாகத் தட்டிக்கொண்டே சுற்றி வாருங்கள். ஓரிடத்தில் மட்டும் சத்தம் மாறி ஓட்டையாகக் கேட்டால் அங்கே பசை விட்டிருக்கிறது.

இதையெல்லாம் பார்க்காமல் ஒன்றாம் தேதி வில்லைப் போட்டால், வருகிற சத்தத்தில் யாருக்கும் மனசு விட்டுப்போகும். ஒன்றாம் தேதி வாசிப்பதை மறந்துவிடுங்கள். முதலில் ரிப்பேருக்குக் கொடுங்கள்.

முத்தியால்பேட்டை கீபோர்டு · டிசம்பர் 28, காலை 10:30

எங்களுக்குத் தந்தியும் இல்லை, துருவும் இல்லை. ஆனால் அக்கா சொல்கிற அதே சரிவு எனக்கு வேறு மாதிரி வருகிறது.

நான் கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். நவம்பர் கடைசியிலிருந்து சாயங்காலமானால் பயிற்சி, அப்புறம் வீடு வீடாகக் கேரல், கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசை, புத்தாண்டுப் பூசை. வேலை முடிந்து எவ்வளவு களைப்பாக வந்தாலும் கை தானாகக் கீபோர்டுக்குப் போகும். ஜனவரி ஒன்றாம் தேதி காலையோடு எல்லாம் நின்றுவிடும். அதன் பிறகு தவக்காலம். அந்த நாற்பது நாளும் உன்னதங்களிலே கீதம் கிடையாது, அல்லேலூயா கிடையாது, வாத்தியம் பாட்டுக்குத் துணையாக மட்டும் அடக்கி ஒலிக்க வேண்டும். ஈஸ்டர் வரும்போது என் இடது கை ஒழுங்காகக் கார்டு (சுரக்கூட்டு) மாற்றாது.

இதற்கு நாங்கள் நண்பர்கள் சேர்ந்து கண்டுபிடித்த வழி ஜூன் 21. பிரான்சில் 1982-இல் தொடங்கிய இசை நாள் நம் புதுச்சேரியிலும் நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அன்றைக்குத் தெரிந்தவர்கள் முன்னால் இரண்டு பாட்டாவது வாசித்தாக வேண்டும் என்று ஜனவரியிலேயே பேசி வைத்துவிடுவோம். என்ன பாட்டு, யார் எதை வாசிப்பது என்று அப்போதே பிரித்துக்கொள்வோம். தேதி என்று ஒன்று இருந்தால்தான் எனக்குக் கை ஓடுகிறது.

சிதம்பரம் சாதகம் · டிசம்பர் 28, மதியம் 2:05

வாத்தியம், தேதி எல்லாம் சரி. ஆனால் என்ன வாசிப்பது என்று யாரும் சொல்லவில்லையே. என் பதில் சரளி வரிசை, அதாவது ஆரம்ப ஸ்வரப் பயிற்சி. மாயாமாளவகௌளை ராகம், மூன்று காலம் (வேகம்). அப்புறம் ஜண்டை, அலங்காரம் என்ற அடுத்த பயிற்சிகள். ஒரு மாதத்துக்கு வேறு எதையும் தொடாதீர்கள்.

வயலின்காரர்களுக்கு இதில் ஒரு தனி லாபம் இருக்கிறது. மாயாமாளவகௌளையில் ச ரி க ம எந்த இடைவெளிகளில் அமைகிறதோ, ப த நி ச-வும் அதே இடைவெளிகளில் அமைகிறது. நம் வயலினில் தந்திகள் ச ப ச ப என்று சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஆகவே சட்ஜத் தந்தியில் விரல்கள் எங்கெங்கே விழுகின்றனவோ, அதற்கு நேராகவே பஞ்சமத் தந்தியிலும் விழும். ஒரே பிடி இரண்டு தந்திக்கும். விரல் இடம் மறந்துபோனவருக்கு இதைவிட நல்ல ராகம் கிடையாது. புரந்தரதாசர் இந்த ராகத்தில் பாடத்தை அமைத்தார் என்று சொல்வது வழக்கம். யார் அமைத்தாலும் விவரம் தெரிந்துதான் அமைத்திருக்கிறார்கள்.

ஆசை வந்த பிறகு சாதகம் (பயிற்சி) என்று காத்திருந்தால் ஆசை வராது. சித்திரமும் கைப்பழக்கம் என்று சும்மாவா சொன்னார்கள்?

பண்ருட்டி வீணை · டிசம்பர் 28, இரவு 8:40

சிதம்பரம் சார் சொன்ன விரல் கணக்கு அருமை. நான் இத்தனை வருஷம் வீணை வாசித்தும் வயலினில் அப்படி ஒரு வசதி இருப்பதை யோசித்ததில்லை. ஆனால் ஒரு மாதம் வரிசை மட்டும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். புதிதாகக் கற்கிற குழந்தைக்குச் சரளி வரிசையே புதுப் பாட்டு. விட்டுத் திரும்புகிறவருக்கு அது, தான் எவ்வளவு இழந்துவிட்டோம் என்பதைத் தினமும் நினைவுபடுத்துகிற பாட்டு. மஞ்சக்குப்பம் அக்கா ஏற்கெனவே அதைத்தான் தாங்க முடியவில்லை என்கிறார்.

பிரசவத்துக்குப் பிறகு நானும் விட்டிருந்தேன். திரும்பியபோது நேராக ஒரு மத்யமாவதிப் பாட்டை எடுத்தேன். சின்ன வயசில் அம்மா பாடிக் கேட்ட பாட்டு. பல்லவி மட்டும். வேகம் இல்லை, ஒரே வரியை மாற்றி மாற்றி வாசிக்கும் சங்கதி இல்லை. அந்த ஒரு வரி வீணையில் கேட்டதும் அடுத்த நாள் கால் தானாக அந்தப் பக்கம் போனது. அனுபல்லவி வராமல் தடுக்கிய பிறகுதான், விரல் பழக வரிசை வேண்டும் என்று எனக்கே தோன்றியது. யாரும் சொல்லாமல் போய் உட்கார்ந்து வாசித்தேன்.

இன்னொன்று, வாத்தியம் கண்ணில் படவேண்டும். வீணையை உறையோடு மூலையில் சாய்த்து வைத்திருந்தவரை ஒரு வாரம் முழுக்கத் தொடாமல் போனதுண்டு. கூடத்தில் பாய் விரித்து, மேலே ஒரு பருத்தித் துணி போட்டு வைத்த பிறகு, அடுப்பில் பருப்பு வேகிற நேரத்தில்கூட நாலு மீட்டு மீட்டிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். வயலினையும் அலமாரி மேலிருந்து இறக்குங்கள். கடற்கரை ஊரில் திறந்தே வைக்க முடியாது என்றால், பெட்டியில் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்டு, பூட்டாமல், கை எட்டும் உயரத்தில் வையுங்கள்.

சிதம்பரம் சாதகம் · டிசம்பர் 28, இரவு 9:30

பாட்டில் ஆரம்பித்து, விரல் தவறான இடத்தில் பழகிவிட்டால்? அதை மாற்ற இரண்டு மடங்கு நேரம் ஆகும். வயலினுக்கு வீணை மாதிரி விரல் இடம் காட்டும் மெட்டு கிடையாது என்பதை மறக்காதீர்கள்.

பண்ருட்டி வீணை · டிசம்பர் 28, இரவு 9:48

அது நியாயம். மெட்டு இருப்பதால் எனக்குச் சுருதி பற்றிய பயம் குறைவு. ஆனால் அக்காவின் காதுதான் நன்றாக இருக்கிறதே? தவறான இடத்தில் விரல் விழுந்தால் அந்தக் காது விட்டுவிடுமா?

லாஸ்பேட்டை அடுக்ககம் · டிசம்பர் 29, காலை 7:20

ஒரு சின்ன விஷயம். நானும் வயலின்தான். பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் எனக்கு நேரம், சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீடு. குதிரை மேல் மாட்டுகிற ரப்பர் மியூட் வாங்கினேன். சத்தம் பாதிக்கு மேல் அடங்கும், கீச்சும் குறையும். யாரும் கேட்கவில்லை என்ற தைரியத்தில் நிதானமாக வாசிக்க முடிகிறது. திரும்பி வருகிறவர்களுக்கு அந்தத் தைரியம் ரொம்ப முக்கியம்.

புதுப்பாளையம் மிருதங்கம் · டிசம்பர் 29, இரவு 10:10

புது வருஷம், வாத்தியம் என்றதும் எனக்கு 2011 டிசம்பர் 30 ஞாபகம் வருகிறது. கடலூர்க்காரர்களுக்கு அந்தத் தேதியைச் சொல்லவே வேண்டாம். தானே புயல் அன்று விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. 2012 பிறந்தபோது ஊர் முழுக்க இருட்டு. கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. எங்கள் தெருவில் கரண்ட் வர எத்தனையோ நாள் ஆனது. டிவி இல்லை, போனுக்குச் சார்ஜ் இல்லை.

அந்த இருட்டில் எதிர்வீட்டுத் தாத்தா ஆர்மோனியத்தை எடுத்துத் திண்ணையில் வைத்தார். நான் மிருதங்கம் விட்டு வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. மழை ஈரத்தில் தோல் தொளதொளவென்று இருந்தது. வாரை இழுத்து, கல்லால் தட்டி, ஒரு வழியாக வலந்தலையை (வலப்பக்கத்தை) சுருதிக்குக் கொண்டுவந்தேன். இடப்பக்கத் தொப்பியில் ஒட்ட அம்மா அடுக்களையிலிருந்து ரவை நனைத்துக் கொண்டுவந்து தந்தார். மெழுகுவத்தி வெளிச்சத்தில் தாத்தா பாடப் பாட, வெறும் ஆதி தாளத்தில் சர்வலகு என்ற எளிய நடையை வாசித்தேன். தெருவே வந்து உட்கார்ந்தது. வீட்டுக்கூரை போனவர்கள்கூட வந்து உட்கார்ந்தார்கள். கரண்ட் வரும்வரை ராத்திரி ராத்திரி அது நடந்தது.

விளக்கு எரிந்ததும் எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். நானும்தான். ஆனால் அந்த இரவுகளில் கை எப்படி ஓடியது என்று எனக்குத் தெரியும். இப்போதும் வாசிக்க உட்காரும்போது போனை வேறு அறையில் வைத்துவிடுகிறேன். தம்புரா செயலி போனில்தானே இருக்கிறது என்பீர்கள். அதற்காகவே பழைய எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியைத் தூசி தட்டி எடுத்தேன். சுருதி மட்டும் போடும், வேறு எதையும் காட்டாது.

பண்ருட்டி வீணை · டிசம்பர் 29, இரவு 10:35

தானே எங்கள் பக்கம் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததை மறக்க முடியாது. தஞ்சாவூரில் வீணை செய்ய இங்கிருந்து பலாமரம் போகும். பழுத்துப் பழுத்து வைரம் பாய்ந்த மரங்கள் ஒரே ராத்திரியில் போயின. மரம் நட்டு அந்த வயசுக்கு வர ஒரு தலைமுறை ஆகும்.

திருவதிகை தவில் · டிசம்பர் 30, மதியம் 12:40

எல்லாவற்றையும் படித்தேன். நான் தொழிலாக வாசிக்கிறவன், அதனால் கொஞ்சம் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

எங்களுக்கும் மனசு விட்டுப்போகும். வெளியே இருப்பவர்களுக்கு அது தெரியாது. தை பிறந்தால் முகூர்த்தம் வரிசை கட்டி நிற்கும். காலையில் கெட்டிமேளம், சாயங்காலம் வரவேற்பில் சினிமாப் பாட்டு. யாரும் கேட்பதில்லை, சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருக்கும். அப்படியே மாதக்கணக்கில் வாசித்தால், நாம் வித்தை கற்றவன் என்பதே மறந்துபோகும். மார்கழியில் கல்யாணம் கிடையாது, வருமானமும் கிடையாது. ஆனால் எங்களுக்கு மார்கழிதான் சாதகக் காலம். நாதசுரக்கார அண்ணனும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து, சுவாமி புறப்பாட்டில் வாசிக்கும் மல்லாரியை மூன்று காலமும் போட்டுப் பார்ப்பது இந்த மாதத்தில்தான். கல்யாண மேடையில் அதற்கு ஏது இடம்?

கை விஷயமும் சொல்கிறேன், வேறு வாத்தியக்காரர்களுக்கும் பொருந்தும். விரலில் கூடு மாட்டித்தான் தவில் வாசிக்கிறோம். இடைவெளி விட்டுத் திரும்பினால் தோல் மெலிந்திருக்கும், முதல் நாளே ஆவேசமாக அடித்தால் கொப்புளம் கட்டி ஒரு வாரம் போய்விடும். வயலினிலும் விரல் நுனியில் காய்ப்பு போயிருக்கும். வலிக்க ஆரம்பித்ததும் நிறுத்திவிடுங்கள். மறுநாள் வாசிக்க முடிகிற அளவுக்கு இன்றைக்கு வாசித்தால் போதும்.

இப்போது அக்கா கேட்ட கேள்விக்கு வருகிறேன். எனக்கு மனசு இருக்கிறதோ இல்லையோ, விடியற்காலையில் கோயிலில் திருப்பள்ளியெழுச்சிக்கு மேளம் போயாக வேண்டும். பனியில் போர்வையை விட்டு எழுந்திருக்க யாருக்குத்தான் பிடிக்கும்? நான் போகாவிட்டால் நாதசுரம் தனியாக நிற்கும், அதனால் போகிறேன். பூபாளம் நாலு பிடி கேட்டதும் தூக்கமும் போகும், சலிப்பும் போகும். கீபோர்டுத் தம்பிக்குப் பாடகர் குழு காத்திருந்தது, புதுப்பாளையம் சாருக்கு அந்தத் தாத்தா காத்திருந்தார். அக்கா, நீங்கள் வாசிப்பீர்கள் என்று யாராவது காத்திருக்கிறார்களா? அதைத்தான் நீங்கள் யோசிக்க வேண்டும்.

மஞ்சக்குப்பம் வயலின் · டிசம்பர் 30, இரவு 11:05

தவில் தம்பி கேட்ட கேள்வியை இன்றைக்கு முழுக்க மனசில் வைத்துக்கொண்டே இருந்தேன். ஒருவரும் காத்திருக்கவில்லை என்பதுதான் உண்மை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எனக்கு நானே வாசித்து, எனக்கு நானே மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த மார்க் எப்போதும் குறைவாகத்தான் இருக்கும்.

வாத்தியார் ஐயா, வயலினை இறக்கிப் பார்த்தேன். நாலு தந்தியும் துரு. வலது பக்க விளிம்பில் ஓரிடத்தில் நீங்கள் சொன்ன மாதிரியே சத்தம் மாறுகிறது. நாளைக்கே புதுச்சேரிக்கு எடுத்துப் போகிறேன்.

என் மகள் பாட்டு வகுப்புக்குப் போகிறாள். இப்போதுதான் மலஹரி ராகத்தில் கீதம் (ஆரம்பப் பாட்டு) ஆரம்பித்திருக்கிறாள். அவளோடு சேர்ந்து வாசித்தால் என்ன என்று தோன்றுகிறது. அவள் சுருதி (பாடும் உயரம்) ஐந்து கட்டை. நான் எப்போதும் அதைவிடக் கீழே, ஒன்றரையில் வாசித்தவள். தந்தி தாங்குமா?

கடலூர் ஓ.டி. வாத்தியார் · டிசம்பர் 31, காலை 6:00

தாராளமாகத் தாங்கும். பெண் பாடகிகளுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கிறவர்கள் ஐந்து, ஐந்தரைக் கட்டையில்தானே சேர்க்கிறார்கள்? ஆனால் கடையில் தந்தி வாங்கும்போதே ஐந்து கட்டைக்கு என்று சொல்லி வாங்குங்கள். கட்டைக்கு ஏற்றபடி தந்தியின் கனம் மாறும். புதுத் தந்தியை ஒரே மூச்சில் ஏற்றாதீர்கள். முதல் நாள் கீழேயே சேர்த்து விட்டு, மறுநாள் கொஞ்சம், அதற்கு மறுநாள் கொஞ்சம் என்று ஏற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் குதிரையைப் பாருங்கள்.

உட்காருவது பற்றியும் ஒரு வார்த்தை. வலது காலை நீட்டி, கணுக்காலில் வயலின் தலை வைத்து வாசிக்கப் பழகியிருப்பீர்கள். இந்த வயசில் முட்டியும் இடுப்பும் பிடிக்கும். சின்ன மணை அல்லது தலையணை மேல் உட்காருங்கள். முட்டி வலியால் நின்றுபோன வாசிப்பை நிறையப் பார்த்திருக்கிறேன், வெளியில் எல்லோரும் ஆர்வம் போய்விட்டது என்றுதான் சொல்வார்கள்.

சிதம்பரம் சாதகம் · டிசம்பர் 31, காலை 8:15

மகளோடு என்றால் என் ஓட்டும் அதற்கே. குழந்தை சரளி வரிசை பாடும்போது நீங்களும் கூடவே வாசியுங்கள். வரிசையும் ஆயிற்று, பாட்டும் ஆயிற்று. பண்ருட்டி அம்மாவுக்கும் எனக்கும் இனி வழக்கு இல்லை.

கரையேறவிட்டகுப்பம் · ஜனவரி 1, மாலை 5:30

புத்தாண்டு வாழ்த்துகள். நான் வாத்தியம் வாசிப்பவன் இல்லை. கோயிலில் தேவாரம் பாடுகிற கூட்டத்தில் ஒருவன். இந்த இழையை ஆரம்பத்திலிருந்து படித்து வந்ததில் ஒன்று சொல்லத் தோன்றியது.

கல்லோடு கட்டிக் கடலில் போட்ட அப்பர் மிதந்து வந்து கரையேறியது எங்கள் ஊர் என்று சொல்வோம். அங்கிருந்து திருப்பாதிரிப்புலியூருக்கு வந்து அவர் பாடிய பதிகம் நான்காம் திருமுறையில் திருவிருத்தமாக இருக்கிறது. அதை ஓதுவார்கள் தாளம் இல்லாமல் விருத்தமாகப் பாடுவார்கள். ஒரு சொல்லை எடுத்து, ராகத்தில் நீட்டி, நிறுத்தி, மூச்சு வந்த பிறகு அடுத்த சொல்.

தாளத்தைப் பிடிக்க முடியவில்லை, வேகம் வரவில்லை என்று வருந்துகிறவர்களுக்கு விருத்தத்தைவிட நல்ல துணை இல்லை என்று நினைக்கிறேன். யாரும் உங்களைத் துரத்த மாட்டார்கள். வயலினில் ஒரு வில்லுக்கு ஒரு சொல் என்று இழுக்கலாம். பாடல் தெரிந்தவர்களுக்கு விரல் எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சொல்லே சொல்லிக்கொடுக்கும். நம் ஊர்ப் பதிகம் என்பதால் எனக்கு இன்னும் நெருக்கம்.

புதுப்பாளையம் மிருதங்கம் · ஜனவரி 2, இரவு 9:00

இது நல்ல யோசனை. மிருதங்கக்காரன் தாளம் வேண்டாம் என்கிறானே என்று நினைக்காதீர்கள், கேட்டுக்கொண்டு சும்மா உட்காருவதும் எங்களுக்குப் பயிற்சிதான்.

அக்கா, வாசிப்பதைப் போனில் பதிவு செய்து வாராவாரம் கேளுங்கள். முன்னேற்றம் தெரியும்.

பண்ருட்டி வீணை · ஜனவரி 2, இரவு 9:25

இப்போது வேண்டாம். அவருக்கு ஏற்கெனவே காது கடுமையான வாத்தியாராக உட்கார்ந்திருக்கிறது. பதிவைக் கேட்டால் அந்த வாத்தியாருக்கு இன்னொரு பிரம்பு எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகும். பங்குனி போகட்டும்.

மஞ்சக்குப்பம் வயலின் · ஜனவரி 9, இரவு 10:20

வயலின் வந்துவிட்டது. பசை விட்ட இடத்தை ஒட்டி, வில்முடி மாற்றி, ஐந்து கட்டைக்கான தந்தி போட்டுக் கொடுத்தார்கள். திறந்த தந்தியில் ஒரு வில் இழுத்ததுமே அறை நிறைந்துவிட்டது. என் வயலினுக்கு இவ்வளவு குரல் உண்டு என்பது எனக்கே மறந்துபோயிருந்தது.

மகளோடு ஆரம்பித்துவிட்டேன். அவள் சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டு, "அம்மா, நேரமாச்சு" என்று கூப்பிடுகிறாள். அவள் முதல் காலத்தில் நிதானமாகப் பாடுவதால் எனக்கு விரல் இடம் தேட அவகாசம் கிடைக்கிறது. சிதம்பரம் சார் சொன்ன ஒரே பிடி விஷயத்தை அவளுக்கும் காட்டினேன். சட்ஜத் தந்தியில் வைத்த விரல்களை அப்படியே பஞ்சமத் தந்திக்கு மாற்றி வைத்ததும், இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறதே என்று அவளே ச ரி க ம, ப த நி ச என்று மாற்றி மாற்றிப் பாடிப் பார்த்தாள். வகுப்பில் இதுவரை யாரும் அவளுக்கு அதைச் சொன்னதில்லை.

தோடியை நான் இன்னும் தொடவில்லை. தொடாமல் இருப்பது இப்போது வருத்தமாகவும் இல்லை. அவள் தூங்கிய பிறகு, மியூட் மாட்டி, விருத்தம் மாதிரி நாலு வில் மட்டும் இழுக்கிறேன். லாஸ்பேட்டைத் தோழிக்கு நன்றி.

முத்தியால்பேட்டை கீபோர்டு · ஜனவரி 10, காலை 11:00

அக்கா, ரொம்ப சந்தோஷம். ஒன்று கேட்கட்டுமா? இங்கே எழுதுகிற எல்லோரும் பஸ்ஸில் வந்துவிடுகிற தூரத்தில்தான் இருக்கிறோம். பொங்கல் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்காவது சேர்ந்து உட்காரலாமா? கச்சேரி வேண்டாம், கேட்க ஆள் வேண்டாம். ஒருவர் வாசிக்க மற்றவர் கூட வாசிப்பது, அவ்வளவுதான். மாதம் ஒரு தடவை என்று வைத்துக்கொண்டால் ஜூன் 21 வரை ஓடிவிடும்.

புதுப்பாளையம் மிருதங்கம் · ஜனவரி 10, மதியம் 1:15

என் வீட்டு மாடி காலியாகத்தான் இருக்கிறது. பாய், மின்விசிறி, காப்பி எல்லாம் என் பொறுப்பு.

திருவதிகை தவில் · ஜனவரி 10, இரவு 7:45

தை முழுக்க ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கிடைக்காது. நீங்கள் ஆரம்பியுங்கள், முகூர்த்தம் இல்லாத ஞாயிறு ஒன்று வந்தால் நாதசுர அண்ணனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். மாடியில் மல்லாரி போட்டால் தெரு தாங்குமா என்று மட்டும் பக்கத்து வீட்டில் கேட்டு வையுங்கள்.

கடலூர் ஓ.டி. வாத்தியார் · ஜனவரி 11, காலை 6:10

நான் வருகிறேன். தியாகராஜர் ஆராதனை சமயத்தில் ஊருக்கு ஊர் அவருடைய பஞ்சரத்னக் கிருதிகள் ஐந்தையும் பாடுவார்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ராகம் ஐந்தாக இருந்தாலும் தாளம் ஐந்துக்கும் ஆதிதான். தெரியாத இடத்தில் வில்லை நிறுத்திவிட்டுத் தெரிந்த இடத்தில் சேர்ந்துகொள்ளலாம், கூட்டத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள். மறந்துபோனவர்களுக்கு அது ரொம்ப உதவும். ஒவ்வொரு மாதமும் ஒன்று என்று எடுப்போம். முதலில் நாட்டை. மஞ்சக்குப்பம் அம்மா, மகளையும் கூட்டி வாருங்கள், முதல் பாட்டு அவளுடைய கீதம்.

மஞ்சக்குப்பம் வயலின் · ஜனவரி 18, இரவு 9:15

பொங்கல் போனது, பெட்டி மூடவில்லை. வருகிற ஞாயிறு நாங்கள் இருவரும் வருகிறோம். மலஹரியை எல்லோர் முன்னாலும் பாட வேண்டும் என்று அவள் இப்போதே மூன்றாம் காலம் வரை போட்டுக் கேட்கிறாள். அவளுக்கு ஈடுகொடுக்கத்தான் எனக்கு வில் ஓட வேண்டும்.

பண்ருட்டி வீணை · ஜனவரி 18, இரவு 9:40

எனக்கும் வர ஆசைதான். ஆனால் வீணையைப் பஸ்ஸில் கொண்டுவர முடியாது, யாளித் தலை எங்காவது இடித்துக்கொள்ளும். புதுப்பாளையம் சார், உங்கள் பக்கம் யார் வீட்டிலாவது வீணை இருக்கிறதா?

புதுப்பாளையம் மிருதங்கம் · ஜனவரி 18, இரவு 10:05

என் அத்தை வீணை கீழ் வீட்டில் இருக்கிறது. மேளம் கட்டி, அதாவது மெழுகில் மெட்டுகளைப் பதித்து, பல வருஷம் ஆயிற்று. போன கத்திரி வெயிலில் மெழுகு இளகி இரண்டு மூன்று மெட்டு சாய்ந்திருக்கின்றன. வாசிக்க முடியுமா தெரியவில்லை.

பண்ருட்டி வீணை · ஜனவரி 18, இரவு 10:20

இரண்டு மூன்று மெட்டுத்தானே, இருபத்துநாலும் விழவில்லையே. முழுசாக மேளம் கட்ட ஆசாரிதான் வேண்டும். சாய்ந்ததை நிமிர்த்தி வைக்க எனக்குத் தெரியும். சனிக்கிழமை சாயங்காலமே வந்துவிடுகிறேன். தந்தி ஒரு செட் வாங்கி வைத்துவிடுங்கள், மெழுகு நான் கொண்டுவருகிறேன்.